அத்திவரதரும் ஆரக்கிளும்

காஞ்சிபுரத்தில் தேதி தவறாத திட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் படுத்திருக்கிறது. அத்திவரதர் 1979இல் வந்தார், 2019இல் வந்தார், 2059இல் வருவார். இதற்காக யாரும் ஆலோசகர் வைக்கவில்லை. அம்புக்குறி போட்ட வண்ணப்படம் வரையவில்லை. 'முதல் காலாண்டில் தண்ணீர் இறைப்பு, இரண்டாம் காலாண்டில் தரிசனம்' என்று திரையில் ஓட்டிக் காட்டவில்லை. சொன்ன வருஷம் வருவார், அவ்வளவுதான்.

மென்பொருள் உலகத்தில் அவருக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய ஆள் எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் வெளியிட்ட சின்னஞ்சிறு தரவுத்தளம். உங்கள் கைபேசிக்குள் இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். 2050 வரை இதைப் பராமரிப்போம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் எழுதியே வைத்திருக்கிறார்கள். உரிமம்கூட வைத்துக்கொள்ளாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார்கள். ஒரு குறையும் உண்டு: வெளியாள் யாராவது ஒரு வரி நிரல் எழுதிக்கொண்டு போனால் வாங்கமாட்டார்கள். எடுத்துக்கொள், கொண்டுவராதே என்பது கொள்கை. கர்ப்பக்கிரகத்துக்குள் யார் போகலாம் என்று தீர்மானமாக இருக்கிற ஊர்க்காரர்களான நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, நம் ஊர்க் கூட்டங்களில் அவர்கள் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ரோடுமேப் காட்டாதவனுக்கு இங்கே மேடை கிடையாது.

தரவுத்தளம் பற்றிப் பேசக் காஞ்சிபுரத்துக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ரேஷன் அட்டை ஒரு தரவுத்தளத்தில், ஆதார் இன்னொன்றில், வங்கிக் கணக்கு வேறொன்றில். கைத்தறிக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்துக்கு ஒன்று, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண்ணுக்கு ஒன்று, நெசவாளர் அடையாள அட்டைக்கு ஒன்று. கூலி உயர்வுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். 2019-20இல் எண்ணியபோது 35 லட்சம். எட்டு லட்சம் பேர் தறியை விட்டுப் போனார்கள். அவர்களைப் பதிந்து வைக்கும் தரவுத்தளங்களில் ஒன்றுகூடப் போன மாதிரி தெரியவில்லை. 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்தார்கள். டேஷ்போர்டைக் கலைக்கவில்லை. நெசவாளர் ஒழிந்தாலும் நெசவாளர் பட்டியல் அமரத்துவம் பெற்றுவிடும்.

2017இல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை வந்த புதிதில் சேலம் மாவட்டத்தில் ஒரு குடும்பத் தலைவியின் அட்டையில் காஜல் அகர்வால் படம் அச்சாகி வந்தது ஞாபகமிருக்கிறதா? தரவுத்தளத்தின் மேல் பழியில்லை. கொடுத்ததை வாங்கி, கேட்டபோது கொடுப்பதே அதன் தருமம். அரிசிக்கு நடிகையின் முகத்தைக் கேட்கும் அரசாங்கத்துக்கு எந்தத் தரவுத்தளத்தை வாங்கிக் கொடுத்தால்தான் என்ன?

இருந்தாலும் வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒப்பீட்டு அட்டவணை போடுகிறார்கள். அட்டவணையில் கட்டங்கள் இருக்கும்: வேகம், கொள்ளளவு, பாதுகாப்பு, ஆதரவு, 'எதிர்கால ரோடுமேப்'. இப்போது புதிதாக 'செயற்கை நுண்ணறிவுக்குத் தயார்' என்று ஒரு கட்டம். எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். ஒரே ஒரு கட்டம் மட்டும் இருக்காது: இந்தத் தறி யாருடையது? நாளைக் காலையில் இதைப் பூட்டிக்கொண்டு போக யாருக்கு அதிகாரம்?

கட்டற்ற மென்பொருள் என்றால் மூலநிரல் திறந்திருக்கும். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எங்கள் ஊர்க் கோர்வை மாதிரி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா ஓட்டி இரண்டையும் இழைக்கு இழை பின்னிச் சேர்க்கிற வித்தை. சேலை கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்பார்கள். அந்த வித்தைக்கு எவனும் முத்திரை குத்தி வைத்துக்கொள்ளவில்லை. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான், பக்கத்துத் தறிக்காரன் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டான். வித்தை பொதுவில் இருந்தவரை வம்பில்லை. தறியிலேயே உட்காராதவன் பெயர்ப்பலகை வைத்தபோது வந்தது வம்பு.

மைஎஸ்கியூஎல் கதை அப்படித்தான். 1995இல் ஸ்வீடனில் மூன்று பேர் தொடங்கினார்கள். மூவரில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மகள் 'மை'யின் பெயரை வைத்தார். உலகத்தின் இணையதளங்களில் பெரும்பகுதி இதன்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கானோர் பிழை கண்டு சொன்னார்கள், திருத்தி அனுப்பினார்கள், 'இது நம் சமூகத்தின் சொத்து' என்று நம்பினார்கள். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நூறு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சமூகத்தின் சொத்துக்கு ஒரு விலைச்சீட்டு உள்ளே தைத்திருந்தது என்பது அன்றைக்குத்தான் சமூகத்துக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே சன் நிறுவனத்தை, சொந்தமாகத் தரவுத்தளம் விற்கும் ஆரக்கிள் வாங்கப் போகிறது என்று செய்தி வந்ததும் விடேனியஸ் பதறிப்போய் 'மைஎஸ்கியூஎல்லைக் காப்பாற்றுங்கள்' என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். பணத்தை எண்ணி வாங்கி முடித்த பிறகு வந்த பதற்றம் அது. ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. ஆரக்கிள் பத்து வாக்குறுதி கொடுத்தது. எத்தனை காலத்துக்கு? ஐந்து வருஷத்துக்கு. நம் ஊர் அரசியல்வாதியாவது வாக்குறுதியில் காலாவதித் தேதி அச்சடிப்பதில்லை.

பிறகு ரோடுமேப் ஆரம்பித்தது, அதாவது ரோடு போன போக்கில் மேப் வரைவது. 6.0 என்றொரு பதிப்பு ஆரக்கிள் வருமுன்பே அறிவிக்கப்பட்டு, கருவிலேயே கலைக்கப்பட்டிருந்தது. 5.7க்குப் பின் நேராக 8.0. அந்த 8.0க்கும் 2026 ஏப்ரலோடு ஆதரவு முடிவு என்று நாள் குறித்தார்கள். 2024 ஜூலையில் 9.0 வந்தது. செயற்கை நுண்ணறிவுக்காக 'வெக்டர்' என்னும் புதிய தரவு வகை உள்ளே இருக்கிறது என்று தம்பட்டம். சரி, இரண்டு வெக்டருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டால்தானே அதனால் பயன்? அந்தக் கணக்கைப் போடும் செயற்கூறு அப்போது இலவசப் பதிப்பில் இல்லை, ஆரக்கிளின் கட்டணச் சேவையில்தான் இருந்தது. சேலையை இலவசமாகக் கொடுத்துவிட்டு முந்தியைக் கத்தரித்து உள்ளே வைத்துக்கொள்வதற்குப் பெயர் தாராளம். 2025 செப்டம்பரில் ஆரக்கிள் செய்த ஆட்குறைப்பில் மைஎஸ்கியூஎல் குழுவும் அடிபட்டது. ரோடுமேப்பில் அதற்கு ஒரு அம்புக்குறியும் இல்லை.

விடேனியஸ் சும்மா இருக்கவில்லை. அதே நிரலைக் கிளை பிரித்து, இன்னொரு மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி தொடங்கினார். அதைச் சுற்றியும் ஒரு கம்பெனி முளைத்தது. 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது, மதிப்பு ஏறத்தாழ 67 கோடி டாலர் என்று சொல்லிக்கொண்டு. 2024இல் கே1 என்னும் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியபோது விலை நாலு கோடிக்கும் கீழே. காந்தி ரோட்டு ஆடித் தள்ளுபடியில்கூட இப்படி நான் பார்த்ததில்லை. கம்பெனி கவிழ்ந்தும் மரியாடிபி சாகவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நிரல் ஜி.பி.எல். என்னும் கட்டற்ற உரிமத்தில் இருந்தது, 2012இலேயே தனியாக ஓர் அறக்கட்டளையும் காவலுக்கு வைத்திருந்தார்கள். ஒரு தடவை விற்றுப் பார்த்தவருக்குத்தான் பூட்டின் அருமை தெரிந்திருக்கிறது.

மாங்கோடிபியை எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய தரவுத்தளங்களின் ஆசாரம் ஏதும் இல்லை, எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். 2017 ஜனவரியில் உலகெங்கும் பல்லாயிரம் மாங்கோடிபி தளங்களைக் கொள்ளைக்காரர்கள் அழித்துவிட்டுப் பிணைப்பணம் கேட்டார்கள். கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த தளங்கள். தாழ்ப்பாள் போடாதது நிறுவியவன் குற்றம் என்றார்கள். பூட்டு இல்லாமலே ஓட விட்டது யார் குற்றம்? அதே வருஷம் அக்டோபரில் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2018 அக்டோபரில், பாதுகாப்பு ஞானம் பிறந்தது. பயனர்களின் தரவைப் பாதுகாக்கும் ஞானம் அல்ல, வருமானத்தைப் பாதுகாக்கும் ஞானம். எஸ்.எஸ்.பி.எல். என்று சொந்தமாக ஓர் உரிமத்தை எழுதிக்கொண்டார்கள். இதைச் சேவையாக விற்கிறவன் தன் கடையின் சாமான் சட்டி எல்லாவற்றின் நிரலையும் திறந்து காட்ட வேண்டும் என்றது அது. இதையும் கட்டற்ற உரிமம் என்று அங்கீகரியுங்கள் என்று ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பிடம் மனுப் போட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2019 மார்ச்சில் மனுவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். உரிமம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தேடல் மென்பொருள் விற்கும் எலாஸ்டிக் நிறுவனமும் ரெடிஸ் தரவுத்தளக் கம்பெனியும் இன்னும் ஒரு படி மேல். எலாஸ்டிக்சர்ச்சின் திறந்த நிரலுக்கு உரிமத்தை ஒருபோதும் மாற்றமாட்டோம் என்று 2018இல் எழுதினார்கள். 2021 ஜனவரியில் மாற்றினார்கள். ரெடிஸ் தன் மையநிரல் எப்போதும் பி.எஸ்.டி. உரிமத்திலேயே இருக்கும் என்று அதே 2018இல் சொன்னது. 2024 மார்ச்சில் மாற்றியது. கட்டற்ற மென்பொருள் கம்பெனியின் அகராதியில் 'ஒருபோதும்' என்றால் ஏறக்குறைய மூன்று வருஷம், 'எப்போதும்' என்றால் ஆறு. அடகுக்கடைச் சீட்டில்கூட இதைவிடத் தெளிவாகத் தவணை எழுதியிருப்பார்கள். பிறகு எலாஸ்டிக் 2024 ஆகஸ்டிலும் ரெடிஸ் 2025 மே மாதத்திலும் ஏ.ஜி.பி.எல். என்னும் கட்டற்ற உரிமத்துக்குத் திரும்பி வந்தன. ஊரை விட்டு ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்த மாதிரி ஆரத்தி எடுத்தவர்களும் உண்டு. வெளியே போன பாதையை அவர்கள் மறந்திருப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

எங்கள் நிரலைப் பெரிய கடைக்காரன் விற்றுச் சம்பாதிக்கிறான் என்ற இவர்கள் அழுகையில் பாதி நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமேசான் 2015இலிருந்து எலாஸ்டிக்சர்ச்சை அந்தப் பெயரிலேயே தன் மேகக்கணினிக் கடையில் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தது. எலாஸ்டிக் வழக்குப் போட்டது, அமேசான் பெயரை மாற்றியது, 2022இல் சமரசமாயிற்று. காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்த வலி புரியாமல் இருக்குமா? 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி வைத்த சட்டம் அதற்கும் இருபது வருஷம் மூத்தது. இன்றைக்கும் எந்த ஊரிலோ விசைத்தறியில் ஓட்டிய பாலியஸ்டர், பித்தளை நிறத்தில் ஜரிகை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரில் கல்யாண மண்டபம் போகிறது. பெயர் எங்களுடையது, லாபம் அவனுடையது. கோபம் வரத்தான் வரும்.

ஆனால் கோபம் வந்த வியாபாரி என்ன செய்தான் என்று பாருங்கள். பெரிய வியாபாரியை மிரட்டுவதற்காகத் தறிக்கூடத்தைப் பூட்டினான். உள்ளே இழை போட்டவர்களில் சம்பளம் வாங்காதவர்கள் எத்தனையோ பேர். ராத்திரி கண் விழித்துப் பிழை திருத்தி அனுப்பிய மாணவன், தன் வேலைக்கு நடுவே ஒரு செயற்கூறு எழுதிச் சேர்த்த நிரலாளர். அவர்கள் பொதுவுக்கு என்று கொடுத்த இழை ஒரே இரவில் கம்பெனியின் இரும்புப்பெட்டிக்குள் போயிற்று. அமேசானுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அது எலாஸ்டிக்சர்ச்சைக் கிளை பிரித்து ஓப்பன்சர்ச் என்றது. ரெடிஸ் பூட்டப்பட்ட எட்டாம் நாள் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ பிறந்தது. தொட்டில் ஆட்ட வந்தவர்கள் யார் யார் தெரியுமா? அமேசான், கூகுள், ஆரக்கிள். ஆமாம், முந்தியைக் கத்தரித்த அதே ஆரக்கிள், இங்கே பொதுச்சொத்துக் காவலன்.

கிளை பிரிவது எங்களுக்குப் புதிதல்ல. வரதராஜர் கோயிலில் அதே பெருமாளுக்கு முன்னால் வடகலையும் தென்கலையும் யார் முதலில் பாடுவது என்று நூற்றாண்டுக் கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. பெருமாளின் உரிமத்தை யாரும் மாற்றவில்லை என்பதுதான் ஆறுதல்.

சரி, மாற்று என்ன? போஸ்ட்கிரெஸ். இதன் கதையில் கோடீசுவரக் கம்பெனி ஏதும் நடுநாயகமாக வராது, அதனால் மேடையில் சொல்ல ருசியாக இருக்காது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் 1994இல் கையைக் கழுவியது. தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டு 1996இல் இன்றைய பெயரை வைத்தார்கள். அன்றிலிருந்து அதற்கு முதலாளி கிடையாது. விற்கலாம் என்று நினைத்தாலும் யாரிடம் போய் விலை பேசுவது என்று தெரியாது. வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, புரட்டாசி வாக்கில். 17ஆம் பதிப்பு 2024 செப்டம்பர் 26, 18ஆம் பதிப்பு 2025 செப்டம்பர் 25. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷப் பராமரிப்பு. அடுத்த பதிப்பில் என்னென்ன வரும் என்று கேட்டால் 'தயாரானது வரும்' என்பார்கள். ஒப்பீட்டு அட்டவணைக்காரர்கள் இந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். 'தெளிவான ரோடுமேப் இல்லை' என்று சிவப்பில் எழுதுவார்கள்.

தயாராகாதது வராது என்பதற்கு ஒரு சம்பவம். 'மெர்ஜ்' என்னும் கட்டளை, 2003ஆம் வருஷத்து எஸ்கியூஎல் தரநிலையிலேயே உள்ளது, 2018இல் 11ஆம் பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டது. இழையில் பிசிறு இருப்பதாகச் சக நிரலாளர்கள் பொதுவில் சொன்னார்கள். பதிப்பு வெளியாகும் முன்பே அதை உருவி எடுத்தார்கள். திரும்ப நெய்து 2022இல் 15ஆம் பதிப்பில்தான் கொடுத்தார்கள். பாதி நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுக்கும் நெசவாளியை நான் மதிப்பேன். வேறு கம்பெனியாக இருந்தால் அந்தப் பிசிறுக்குப் 'புதுமை' என்று பெயர் வைத்து விளம்பரம் கொடுத்திருக்கும்.

உடனே தேங்காய் உடைக்கவும் வேண்டாம். பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் போஸ்ட்கிரெஸ் ஓர் எண் கொடுக்கும், அந்த எண்ணுக்கு 32 பிட்டுதான் இடம். எண் தீர்ந்து சுற்றி வரும் முன் பழையதைத் துப்புரவு செய்யாவிட்டால் தரவுத்தளம் எழுத மறுத்து உட்கார்ந்துகொள்ளும். மின்னஞ்சல் அனுப்பும் மாண்ட்ரில் சேவை 2019 பிப்ரவரியில் இதனாலேயே நாள்கணக்கில் முடங்கியது. இதை 64 பிட்டாக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வட்டிலிருந்து தரவை முன்கூட்டிப் படித்து வைக்கும் ஒத்திசையா உள்ளீட்டு முறை 2025இல்தான் வந்தது, எத்தனையோ பேர் அதைச் செய்து முடித்த பிறகு. ஆமை வேகம். ஆனால் அந்த ஆமையைத் தூக்கிக்கொண்டு போய் விற்க எவனுக்கும் பத்திரம் இல்லை.

நெசவாளரோடு ஒப்பிட்டுப் போஸ்ட்கிரெஸ் நிரலாளருக்காகக் கண்ணீர் விடவும் வேண்டாம். முக்கியமானவர்கள் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். வெவ்வேறு கம்பெனிகளில் வாங்குகிறார்கள் என்பதுதான் விஷயம். மையக் குழுவில் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். 2020இல் ஒரு பெரிய போஸ்ட்கிரெஸ் கம்பெனி இன்னொன்றை விழுங்கியபோது இந்த விதிக்கு நிஜமாகவே வேலை வந்தது.

2024 மார்ச்சில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் போஸ்ட்கிரெஸ் நிரலாளர், மைக்ரோசாப்டில் வேலை, தன் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறது என்று அவருக்கு உறுத்தியது. அரை நொடி! தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளுக்குள் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தார்கள். சம்பளமில்லாமல் தனியாளாக அதைப் பராமரித்துச் சோர்ந்துபோயிருந்த ஒருவரிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாக நடித்து, நம்பிக்கை சம்பாதித்து, சாவியை வாங்கிவிட்டிருந்தான் ஒருவன். இன்னும் சில வாரம் போயிருந்தால் உலகத்தின் பாதி சர்வர்களுக்குள் அந்தக் கதவு திறந்திருக்கும். ஆயிரம் கோடி லாபம் பார்க்கும் எந்தக் கம்பெனியின் பாதுகாப்பு ரோடுமேப்பும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இழை ஒன்று தப்பியதை விரலால் உணர்ந்த ஒரு தொழிலாளி கண்டுபிடித்தார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015இல் இந்திய அரசு கொள்கை வெளியிட்டது. ஆதாரின் அடித்தளத்தில் மைஎஸ்கியூஎல், எச்பேஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களே இருந்தன. அதைத்தான் 'டிஜிட்டல் பொது உள்கட்டமைப்பு' என்று உலக மேடைகளில் தோளில் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு காட்டுகிறோம். நெய்தவனுக்குக் கூலி? அதைப் பற்றிப் பேச மேடையில் நேரம் இல்லை. தமிழ்நாட்டில் சி. உமாசங்கர் என்னும் அதிகாரி, எல்காட் என்னும் அரசு நிறுவனத்தில் இருந்தபோது அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றிக் காட்டினார். அதிகாரி மாறினார், ஆர்வமும் அவரோடு பஸ் ஏறியது. போஸ்ட்கிரெஸ் நிரலில் கைவைக்கும் உரிமை பெற்ற இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று கேட்டால் ஜப்பானின் புஜித்சு பெயர் வரும். பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்கு மாளிகை கட்டியிருக்கும் கம்பெனிகளே, உங்களில் எத்தனை பேர் பெயர் வரும்? இந்தப் பக்கம் ஒரு ஆறுதல், பெங்களூருவின் ஜெரோதா 2024 அக்டோபரில் கட்டற்ற மென்பொருள்களுக்கென்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை ஒதுக்கும் நிதி தொடங்கியது. பங்குத்தரகு கம்பெனி அது. மென்பொருளையே விற்று மாளிகை கட்டியவர்கள் வெட்கப்படலாம். தடையேதும் இல்லை.

நம் பொறியியல் கல்லூரிகளில் இன்னும் ஆய்வகப் பதிவேட்டில் 'மாணவர் விவரம்' என்ற அட்டவணையை உருவாக்கி, அழித்து, மறுபடி உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தரமான தரவுத்தளத்தின் மூலநிரல் திறந்து கிடக்கிறது, படித்துப் பார்க்கக் காசு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஆசிரியர் அதைத் திறந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் கல்லூரிக்குத் தரம் போடும் நாக் கமிட்டி மதிப்பெண் குறைத்துவிடுமா?

தறியின் சாவி யார் கையில் என்ற கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் மாவட்டத்தில் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள். முப்பது குடும்பு, குடத்தில் ஓலை, சிறுவன் கைவிட்டு எடுப்பான் என்பதை எல்லா மேடையிலும் சொல்வார்கள். யார் யார் நிற்கக் கூடாது என்ற பகுதியைத்தான் தாண்டிப் போவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமா, அவன் மைத்துனன், மாமன், மருமகன் வரை நிற்கக் கூடாது. கழுதை மேல் ஏறினவன் கூடாது, கள்ளக் கையெழுத்துப் போட்டவன் கூடாது. அந்தச் சபையில் நெசவாளன் காலடி வைக்க முடியாது, அது நிலமுள்ள பிராமணர் சபை. அதையும் அதே மேடைகளில் சொல்லாமல் விழுங்குவார்கள். யோக்கியதை பிறப்பால் வந்தது, அயோக்கியதை மட்டும் செயலால் வந்தது. முதல் பாதியைத் தூக்கிக் குளத்தில் போடுவோம். இரண்டாம் பாதியை அரசாங்கம் டெண்டர் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சடிக்கட்டும். வாசகத்தை நானே தருகிறேன்:

ஸ்வஸ்திஸ்ரீ. இவ்வாண்டு முதல் பொதுநிரல் வாரியத்துக்கு ஓலை புகவிடும் முறையாவது. 'ஒருபோதும் மாற்றோம்' என்றெழுதிப் பின் உரிமம் மாற்றின கம்பெனியும், அதற்கு மூலதனம் இட்டாரும், இட்டார்தம் மைத்துனரும் மாமன் மக்களும் ஓலை இடப்பெறாதார். ஒரு கம்பெனியார் வாரியத்தில் பாதிக்கு மேல் இருக்கப்பெறாதார். பொதுநிரலை வாடகைக்கு விட்டுக் கோடி ஈட்டி ஒரு காசும் ஒரு வரி நிரலும் திருப்பி இடாத மேகக்கடையார் இடப்பெறாதார். சேலை ஈந்து முந்தியைக் கத்தரித்து வைத்தார் இடப்பெறாதார். போன ரோடுமேப்பில் சொன்னவற்றுள் வந்ததெது வராததெது என்று கணக்குக் காட்டாதார் புதிய ரோடுமேப் காட்டப்பெறாதார். சாவி யாரிடம் என்னும் கட்டமின்றி ஒப்பீட்டு அட்டவணை போட்ட ஆலோசகர் கழுதை மேல் ஏறக்கடவர். கழுதைச் செலவு அவரதே.

இதை வெட்ட மாமல்லபுரத்தில் கல் தச்சர் இருக்கிறார்கள். சுவருக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கோப்பு மேலே போகட்டும். ஆறு மாதம் கழித்துக் குறிப்போடு திரும்பி வரும்: 'கல்லுக்கு ரோடுமேப் இணைக்கப்படவில்லை.'